மெதுவாக, கெட்டியாக, இதமாக

அறையில் இருந்தவர்கள்: வெளிநாட்டு முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுக்க வந்த தலைமை நர்ஸ், ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை அறியாதவள், ஜன்னலோரம் ஸ்பானிஷ் வாத்தியார், கதவோரம் ஏஜென்சி கிளார்க், வேலை போன டிரைவர் ஒருவன், அவன் பெண்டாட்டி.

இடம் ஒன்று. போட்டி புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும். ஒரு வீட்டிலிருந்து ஒருவரைத்தான் எடுப்போம் என்று ஏஜென்சியில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஸ்பானிஷ் வகுப்பில் முதலில் சேர்ந்தது டிரைவர்தான். போனில் பாடத்தை ஓடவிட்டுத் தூங்கிப்போவான். பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவள் கேட்பாள். கேட்டதில் பாதி ஒட்டிக்கொண்டதும் அவளும் போய்ச் சேர்ந்தாள். ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று சொல்ல, நாம் 'ஆக' போடுகிற இடத்தில் அவர்கள் பெரும்பாலும் 'மென்தே' போடுவார்கள் என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். பண்புச் சொல்லைப் பெண்பாலாக்கி அதன் வாலில் ஒட்ட வேண்டும். லெந்தோ என்றால் மெதுவான. லெந்தாமென்தே என்றால் மெதுவாக. இதிலும் பொம்பளைக்குத்தான் முதல் மரியாதையா என்று டிரைவர் கேட்க, வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து வாத்தியாருக்குப் பெயர் மென்தே சார். வேலைவெட்டி இல்லாதவனுக்குப் பெயர் சும்மாமென்தே. இந்த இரண்டாவது கேலியில் மட்டும் டிரைவர் சேர்ந்துகொள்ளவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் அவன் பேச்சை வளர்க்கவில்லை. பெண்டாட்டியை அனுப்பிவிட்டு வீட்டில் குந்தியிருக்கிறவன் என்ற பேர் தனக்கு வேண்டாம். அவள் பேருக்கு வந்து நின்று, நாலு தப்புப் பண்ணிவிட்டுத் திரும்பட்டும் என்றான். அவள் தலையை ஆட்டினாள். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று அவன் பார்க்கவில்லை.

அவனுக்குத் தெரிந்த ஒரே வினையடை 'சீக்கிரம்'. அதனாலேயே மூன்று கம்பெனிகளில் லாரியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அங்கே போனாலும் ஆறு மாதத்தில் பெட்டியோடு வந்து நிற்பான். அப்புறம் அவள் இப்போது வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிச் சலவை அறையிலேயே ஆவி குடித்துக் கிழவியாக வேண்டும்.

எழுத்துத் தேர்வு கிடையாது. ஒருவர் கட்டிலில் நோயாளியாகப் படுக்க, நர்ஸ் சொல்வதை மற்றவர் செய்ய வேண்டும். செய்தால் மட்டும் போதாது. எப்படிச் செய்யச் சொன்னாளோ அப்படிச் செய்ய வேண்டும்.

முதலில் அவள் படுத்தாள். "லெந்தா இ குயிதாதோசாமென்தே" என்றாள் நர்ஸ். மெதுவாகவும் கவனமாகவும் திருப்ப வேண்டும். இரண்டு சேர்ந்து வந்தால் கடைசிச் சொல்லுக்கு மட்டும்தான் மென்தே. டிரைவர் காதில் திருப்பு என்பது மட்டும் விழுந்தது. ஒரே புரட்டு. அவள் தோள் கட்டில் கம்பியில் இடித்தது. நர்ஸ் முகத்தில் ஈயாடவில்லை. மற்றதையும் அவன் அதே வேகத்தில் முடித்துவிட்டு, ஜெயித்தவன் முகத்தோடு வியர்வையைத் துடைத்தான்.

இடம் மாறினார்கள். நர்ஸ் அதே கட்டளையைச் சொன்னாள். அவள் குனிந்தபோது அவன் உதடு அசையாமல் சொன்னான், "கீழ போட்டுடு."

வாத்தியாருக்குக் கேட்டது. கிளார்க்குக்கும் கேட்டது, அவன் தரையைப் பார்த்தான்.

தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. அவன் வேண்டுமென்றே கல்லாய்க் கனத்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். அடுத்து, அவன் கையைக் கெட்டியாகப் பிடிக்கச் சொன்னாள் நர்ஸ். அவன் உதறினான். ஈரப் போர்வைகளைப் பிழிந்து பழகிய கை, விடவில்லை.

"வீட்டுக்கு வா, உன்ன வச்சுக்கறேன்."

கலவரப்படும் நோயாளியாக நடிக்கிறான் என்று நர்ஸ் மெச்சினாளோ என்னவோ, "துல்ஸெமென்தே" என்றாள். அவரிடம் இதமாகப் பேசு. உங்கள் மொழியிலேயே பேசு, எனக்குக் குரல் போதும் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

 இப்போது அவள் ஒரு அதட்டல் போட்டால் போதும், இடம் அவனுக்கு. வீட்டில் நிம்மதி. ஆறு மாதத்துக்கு.

பிடியைத் தளர்த்தாமல் அவன் காதருகே குனிந்தாள். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் பேசுகிற குரல் வந்தது.

"நான்தாங்க போறேன். உங்களால அங்க தாக்குப்பிடிக்க முடியாது. அது உங்களுக்கே தெரியும். பாப்பாவை நீங்க பாத்துக்கணும். கையத் தளர விடுங்க."

 அவன் கண் அவள் முகத்திலேயே நின்றது. பிறகு அவன் கை தளர்ந்தது.

என்ன சொன்னாள் என்று நர்ஸ் வாத்தியாரைக் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னாள் என்றார்.

நர்ஸ் அவளுக்கு நாற்காலியைக் காட்டினாள். ரத்தப் பரிசோதனை, ஒப்பந்தம் எல்லாம் இன்றைக்கே, மற்றவர் போகலாம். டிரைவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். கத்துவான் என்று கிளார்க் தயாராக நின்றான். அவன் கதவுவரை போய்த் திரும்பினான்.

"பாப்பாவுக்கு ஸ்கூல் எப்ப விடும்?"

ஏழு வருஷமாக அப்பாவாக இருப்பவன் கேட்கிற கேள்வி.

"மூணரைக்கு. கேட் பக்கத்துலயே நிக்கணும். முன்னபின்ன ஆனா அழுவா."

அவன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியேறினான். கிளார்க் கதவைச் சாத்தினான். எதற்கும் இருக்கட்டும் என்று பூட்டினான்.