தையல் மெஷினை விற்றவர்

1968ஆம் வருடத்து லைசென்ஸ் முடிய ஆறு மணி நேரம் இருந்தது. சாயங்காலம் ஐந்துக்குள் அதைப் புதுப்பிக்கும் கையெழுத்து விழாவிட்டால் மறுநாள் அத்தாவின் கடைக்குச் சீல் வைப்பார்கள். மைசூர் லாரிகள் கழித்துப்போட்ட சாமான், சைக்கிள், பாத்திரம், எது வந்தாலும் வாங்கி விற்கும் பழைய சாமான் கடை. ஓசூரில் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

லைசென்ஸ் அதிகாரி அருள்ஜோசப் கடை ரிஜிஸ்தரை மூன்றாவது முறையாகத் திருப்பித் தள்ளினார். பி.எஸ்ஸி. முடித்ததிலிருந்து அதை நான்தான் எழுதுகிறேன். தேதி, பொருள், நம்பர், விற்றவர் பெயர், ஊர், கைநாட்டு. துருப்பிடித்த கியர் பாக்ஸுக்குக்கூட எல்லாம் இருந்தது.

“‘வீட்டு வழி’ன்னு எழுதியிருக்கே. இது யார் பேரும்மா?”

அது பெயர் இல்லை, வழக்கம். பொருள் விற்க வரும் பெண்கள் கடை வாசலில் நிற்க மாட்டார்கள். எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்து அம்மாவிடம் கொடுப்பார்கள். யாரென்று அம்மா அத்தாவிடம்கூடச் சொல்வதில்லை. முன்பிருந்த அதிகாரிகள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். மூன்று மாதம் முன்பு வந்த இவர் சிரிக்கவில்லை.

“குடம், அண்டாவை விடுறேன். நம்பர் போட்ட தையல் மெஷினை எப்படி விடறது? நல்ல குடும்பத்துப் பொம்பளை பின்வாசல்ல போய்ப் பொருளை விப்பாளா? திருட்டுச் சாமானாத்தான் இருக்கும். வித்தது யாருன்னு எழுதிட்டு வா.”

நிறையச் சொல்ல நினைத்தேன். “சரிங்க சார்” என்றேன்.

வெளியே பியூன் மாதப்பன் ரிஜிஸ்தரைப் பார்த்தார். “இன்னாம்மா, மறுபடியுமா? நோட்டை இங்கியே வுட்டுட்டு நீ மட்டும் போயி வா. அதுக்காச்சும் அலைச்சல் மிச்சம்.”

வீட்டில் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“பேரைச் சொல்லும்மா.”

“சொல்ல மாட்டேன்னு சொல்லித்தானே வாங்குனேன். எம்பேரை எழுது, காத்தூன்னு.”

“உனக்கு யார் குடுத்தாங்கன்னு கேப்பாரு.”

“எங்கம்மா குடுத்தாங்கன்னு எழுது.”

“அவங்க மவுத்தாகிப் பத்து வருசம் ஆச்சு.”

“அப்ப கைநாட்டு கேக்க மாட்டாரு.”

அத்தா முன்பக்கக் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். “அதியா, பேசாம அந்த மெஷினைக் கெணத்துல போட்டுரலாமா?”

“போட்டவர் பேருன்னு அதுக்கும் ஒரு கட்டம் வரும் அத்தா.”

எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. படிப்பில் எந்தக் கணக்கும் இப்படி என்னைச் சுற்ற விட்டதில்லை. விடை தெரிந்தவள் எதிரே உட்கார்ந்து அரிசி புடைக்கிறாள்.

“நாளைக்குக் கடையப் பூட்டப் போறாங்கம்மா. திருட்டுச் சாமானாம். நல்ல குடும்பத்துப் பொம்பளை இப்படி விக்க மாட்டாளாம்.”

முறம் நின்றது. “யாரு சொன்னது?”

“அதிகாரிதான்.”

“அவர் வாயாலயா?”

“ஆமாம்மா.”

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். கொடியிலிருந்து வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “நீ ஆபீசுக்குப் போ. நான் பின்னாடி வரேன்.”

அம்மா எந்த ஆபீஸ் படியும் ஏறியதில்லை. நம்பாமல்தான் போனேன்.

நாலரைக்கு ரிஜிஸ்தரை மறுபடி அவர் மேஜையில் வைத்து நின்றேன்.

“எழுதிட்டியா?”

“இல்லைங்க சார்.”

“அஞ்சுக்கு மேல நான் ஒண்ணும் செய்ய முடியாது” என்று பேனாவை மூடினார். ரப்பர் ஸ்டாம்பை எடுத்து டிராயருக்குள் வைத்தார்.  நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

மாதப்பன் வழிவிட, அம்மா உள்ளே வந்தாள். அவளோடு இன்னொரு பெண். சமையலைப் பாதியில் விட்டு வந்தவள்போல் முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

அருள்ஜோசப் எழுந்துவிட்டார். “ஜெபா? ஆபீசுக்கு ஏன் வந்தே? குவார்ட்டர்ஸுக்குப் போ.”

அவர் மனைவி போகவில்லை. அம்மா அவளைத் தொடவுமில்லை, பேசவுமில்லை. அந்த அம்மாளே மேஜைக்கு வந்து, ரிஜிஸ்தரைத் தன் பக்கம் திருப்பி, ‘வீட்டு வழி’ மேல் விரலை வைத்தாள். அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்.

“எழுதிக்கோ பாப்பா. ஜெபசீலி. அந்த மெஷினை வித்தது நான்தான்.”