பத்து மணி நேரக் கையெழுத்து

ஆனந்தனுடைய விமானத்துக்கு இன்சூரன்ஸ் கிடைக்காமல் போனதற்கு நான்தான் காரணம் என்று மேனாம்பேடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஆமாம், நான்தான். அதற்கு இப்போ என்ன? ஊருக்குத் தெரிந்தது பாதிக் கதை. மீதியை நான் சொல்கிறேன்.

1993-ஆம் வருஷம் அது. ஆனந்தன் வீட்டார் நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் கம்பெனி ஆரம்பித்தவர்கள். அவருக்குப் பறக்கும் ஆசை இருந்தது. எப்போதோ மீனம்பாக்கத்தில் கற்றுக்கொண்டு லைசென்ஸ்கூட வாங்கிவைத்திருந்தார். அந்த வருஷம் பெங்களூரிலிருந்து இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைப் பழையதாக வாங்கி, செங்குன்றம் தாண்டி ஒரு ஓடுதளத்தில் நிறுத்தினார். அம்மன் கோயில் கும்பாபிஷேகத்தன்று கோபுரத்துக்கு மேலே பறந்து பூ தூவப்போவதாகத் திருமுல்லைவாயில் வரைக்கும் சுவருக்குச் சுவர் நோட்டீஸ். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பூ கொட்டப்போவது அவருடைய பன்னிரண்டு வயது மகள் எல்லம்மா.

ஆனால் இன்சூரன்ஸ் இல்லாமல் அனுமதி கிடையாது. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கலியமூர்த்தி கறாராகச் சொல்லிவிட்டார். அந்த மாடல் விமானத்தில் சொல்லிக்கொடுக்க உரிமம் உள்ள ஆசிரியரோடு பத்து மணி நேரம் பறக்க வேண்டும். பிறகு அந்த ஆசிரியர், 'இவரை நம்பி விமானத்தை விடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆனந்தன் ஆசிரியரைத் தேடிய கூத்தைக் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் ஏர்ஃபோர்ஸ் சட்டை போட்டவன் எல்லாருமே பிளேன் ஓட்டுகிறவன்தான். அவரும் அந்த நினைப்பில் ஏர்ஃபோர்ஸ்காரர்கள் குடியிருக்கும் முத்தாபுதுப்பேட்டைக்குப் போய், ரிட்டயரானவர்கள் வீடு வீடாகப் பழத்தட்டோடு ஏறி இறங்கியிருக்கிறார். ஒருவர் சமையல்காரராக இருந்தவர். இன்னொருவர் ஸ்டோர் கணக்கு பார்த்தவர். மூன்றாமவர் ரேடியோ ரிப்பேர். இப்படியே ஒரு மாதம் ஓடிவிட்டது. கடைசியில் கலியமூர்த்தியே தலையில் அடித்துக்கொண்டு உரிமம் உள்ளவர்களின் பட்டியலை வாங்கிக்கொடுத்தார். மொத்தம் மூன்று பெயர். ஒருவர் துபாய் போய்விட்டார், ஒருவருக்குக் கண் ஆபரேஷன். மிச்சம், கேப்டன் எம்.கோவிந்தன்.

ஆனந்தன் மீனம்பாக்கம் ஃப்ளையிங் கிளப் வாசலில் காரை விட்டு இறங்கியபோது டிரைவர் கையில் தாம்பாளம். ஆப்பிள், சாத்துக்குடி, வெற்றிலை பாக்கு எல்லாம் இருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"டேய், நீ முனியன் புள்ள தானே? இங்க இன்னா பண்ணிக்கினு கீறே?"

"வேலை செய்யறேன் சார்."

"கேப்டன் கோவிந்தன்னு ஒருத்தரு..."

"நான்தான் சார்."

டிரைவரிடம் திரும்பி, தட்டைக் காருக்குள் வைக்கச் சொன்னார். என் கண் முன்னாலேயே சொன்னார். அந்தச் சாத்துக்குடியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

என் அப்பா முனியன் அவர்கள் நிலத்தில் ஏர் ஓட்டியவர். நிலம் போனபின் அவர்கள் கம்பெனிக்கே வாட்ச்மேன் ஆனார். நான் அரசாங்க உதவித்தொகையில் பறக்கப் படித்து, எட்டு வருஷம் நாயாக உழைத்து ஆசிரியர் உரிமம் வாங்கினேன். அது அவர்களுக்குத் தெரியாது. முனியன் மகன் ஏதோ ஏர்போர்ட்டில் பெட்டி தூக்குகிறான் என்று நினைத்திருந்தார்களாம்.

அப்போதே முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் பொய் சொல்ல வேண்டும், அந்த ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது.

முதல் நாளே சொன்னேன். "சார், பயிற்சியில ஒரே சட்டம்தான். 'கன்ட்ரோல் எனக்கு'ன்னு நான் சொன்னா, நீங்க உடனே கைய எடுத்துடணும். ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்டா."

ஆறு மணி நேரம் எப்படியோ ஓடியது. திரும்பு என்றால் இரண்டு மூச்சு கழித்துத்தான் திரும்புவார். வேகம் குறைகிறது என்றால், "தெரியுது, தெரியுது" என்பார். ஓட்டத் தெரியாதவர் இல்லை. நான் சொல்லி அதைச் செய்ய வேண்டியிருப்பதுதான் அவருக்கு எரிந்தது.

ஏழாவது மணி நேரத்தில் தரையிறங்கிக்கொண்டிருந்தோம். ஓடுதளத்துக்கு மேலே இரண்டு ஆள் உயரத்திலேயே மூக்கைத் தூக்கிவிட்டார். வேகம் செத்துக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு நொடி போனால் இறக்கை சாய்ந்து கல்லைப்போல விழுவோம்.

"கன்ட்ரோல் எனக்கு!"

விடவில்லை.

"கைய எடுங்க சார்!"

பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டிக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் அவர் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி போட்டேன். கை விலகியது. எஞ்சினை முழுசாகக் கொடுத்து மூக்கை இறக்கினேன். சக்கரம் தரையில் மோதி எகிறி, மறுபடி மோதி, புல்தரையில் போய் நின்றது.

உயிர் பிழைத்த மனுஷன் முதலில் என்ன கேட்க வேண்டும்? இவர் கேட்டது இது.

"என் மேலயே கை வச்சிட்டியாடா?"

அதற்குப் பிறகு அவர் என்னோடு பறக்கவில்லை. மீதி மூன்று மணி நேரத்தையும் பறந்ததாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி ஆள் விட்டார். முடியாது என்றேன். சொன்னதைக் கேட்டு ஒரு கையை எடுக்கத் தெரியாதவர், நாலாயிரம் பேர் தலைக்கு மேலே, பக்கத்தில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு பறப்பாராம். அதற்கு நான் நற்சான்று தர வேண்டுமாம்!

கும்பாபிஷேகத்துக்கு நாலு நாள் இருக்கும்போது என்னை ஓடுதளத்துக்கு வரச் சொன்னார். மறுபடி பறக்கத்தான் போலிருக்கிறது என்று போனேன். விமானத்துக்குப் பக்கத்தில் கலியமூர்த்தி படிவத்தோடு நின்றார். காரின் முன் சீட்டிலிருந்து, காக்கி யூனிஃபார்மில், என் அப்பா இறங்கினார்.

"சொல்லுடா முனியா உன் புள்ள கிட்ட" என்றார் ஆனந்தன். அவருக்கு நாற்பது வயது. என் அப்பாவுக்கு அறுபத்து மூன்று.

அப்பா என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

"போட்டுடு ஆண்டே" என்றார்.

பெற்ற மகனைப் பார்த்து! நிலத்துக்காரர்களிடம் கூழுக்கும் கூலிக்கும் கெஞ்சும்போது சொல்கிற வார்த்தை. கெஞ்ச வேண்டும் என்றதும் அந்த வாய்க்கு வேறு வார்த்தை வரவில்லை. கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். ஆனந்தன் மட்டும் நிம்மதியாக நின்றிருந்தார், அவருக்கு இதில் தப்பாக எதுவுமே காதில் விழவில்லை.

"லாக் புக்கைக் கொடுங்க" என்றேன். பறந்த மணிக்கணக்கு எழுதும் அந்தப் புத்தகத்தை ஆனந்தன் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தார்.

ஏழாவது மணி நேரத்துக்கு நேராக, பேனாவை அழுத்தி எழுதினேன். 'ஆசிரியர் இருமுறை கேட்டும் கட்டுப்பாட்டை விடவில்லை. தனியாகப் பறக்கத் தகுதியில்லை.' கையெழுத்துப் போட்டேன். உரிம எண்ணையும் எழுதினேன்.

படித்ததும் அவர் முகம் கறுத்தது. "இத்தக் கிழிச்சிப் போட்டுடுவேன்."

"கிழிங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் நம்பர் கீது. பக்கம் இல்லாத புக்கை எந்த ஆசிரியரும் தொடமாட்டான்."

கலியமூர்த்தி படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "மன்னிச்சிக்கோங்க சார், கம்பெனி ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டுத் தன் ஸ்கூட்டரை நோக்கி நடந்தார்.

"உங்கப்பனுக்கு நாளையிலேர்ந்து வேலை இல்லடா!" என்று கத்தினார் ஆனந்தன்.

"நாளைக்கு இன்னா, இப்பவே வேணாம்" என்றேன். அப்பாவின் தோளைத் தொட்டேன். "வா நைனா, ஊட்டுக்குப் போலாம்."

அப்பா நகரவில்லை. என் கைக்கு அடியில் அந்தத் தோள் ஒடுங்கியிருந்தது. கழுத்தைத் திருப்பி ஆனந்தனைப் பார்த்தார்.

"போவட்டுங்களா?" என்று கேட்டார்.