பத்து கிராம்

ஆயிரத்து நாற்பத்தொரு நாட்கள். ஒரு மனிதர் தன் காது கெட்டுவிட்டது என்று அத்தனை நாட்களாக நம்பிக்கொண்டிருந்தார். கெடவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

‘குலுக்கிச் சொல்’ தொலைக்காட்சியில் பதினான்கு வருடம் ஓடியது. நான் பள்ளியில் படிக்கும்போது வீட்டில் அதைப் பார்க்காத வாரம் கிடையாது. இயற்பியலில் பட்டம் வாங்கியதும், ஆட்களோடு அதிகம் பேச வேண்டியிராத வேலையாகத் தேடினேன். அந்த நிகழ்ச்சியிலேயே கிடைத்தது. அதன் கடைசிப் பத்தொன்பது மாதங்கள் அங்கே இருந்தேன்.

ஆட்டம் எளிது. உள்ளே தடித்த கம்பளித் துணி ஒட்டிய ஒரு மரப்பெட்டி. அதற்குள் ஏதாவது ஒரு தொழிலுக்குரிய கருவி ஒன்று இருக்கும். மேசையில் மூன்று பேர். ஒவ்வொருவரும் பெட்டியை ஒரே ஒரு முறை, ஐந்து எண்ணும்வரை குலுக்கலாம். பிறகு ஆம், இல்லை என்று பதில் வரும்படி கேள்விகள் கேட்டு, உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும். முதல் துப்பாகத் தொகுப்பாளர் எடையை மட்டும் அறிவிப்பார்.

பெட்டியில் என்ன இருக்கிறது என்பது தொகுப்பாளருக்கும் தெரியாது. முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று முதல் வருடத்திலேயே அப்படி முடிவு செய்திருந்தார்கள். இயக்குநரும் கேட்கமாட்டார். பொருளைத் தேடிப் பிடித்து, எடை போட்டு, பெட்டியில் வைத்து, அரக்கு முத்திரை இடுவது வரை ஒரே ஒருவருடைய வேலை. அந்த ஒருவர் நான். நிகழ்ச்சி நேரலையில் போகும்போது ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பேன். என் முன்னால் மூன்று பொத்தான்கள். பச்சை அழுத்தினால் ஆம், சிவப்பு என்றால் இல்லை, மஞ்சள் என்றால் சொல்ல முடியாது. தொகுப்பாளரின் மேசைக்கடியில் அந்த நிறத்தில் விளக்கு எரியும்.

பொத்தான் அமுக்குகிறவள், வாயையும் திறப்பதில்லை. தொகுப்பாளர் எனக்கு ‘அமுக்குணி’ என்று பெயர் வைத்துவிட்டார். சம்பளப் பட்டியலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுதான் என் பெயர்.

மேசையில் இருந்த மூவர்: வக்கீலம்மா, கணக்கு வாத்தியார், ரேடியோ அண்ணன். வக்கீலம்மா குறுக்கு விசாரணை செய்வார். வாத்தியார் எடையை வைத்துக் கணக்குப் போடுவார். ரேடியோ அண்ணன் ரேடியோ பழுது பார்க்கிறவர். அவர் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, “மரக் கைப்பிடி. நுனியில இரும்பு. கைப்பிடி கொஞ்சம் ஆடுது” என்பார். திறந்தால் கைப்பிடி ஆடும். ஒன்பது வருடத்தில் அவர் காது தவறியதே இல்லை. ஒரு ரேடியோவைத் திறப்பதற்கு முன்பே, வெறும் இரைச்சலைக் கேட்டு, எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று ஊரெல்லாம் பேச்சு.

நிகழ்ச்சியின் கடைசி மாதங்களில் ஒரு வாரம் எங்கள் மின் தராசு பழுதாகிவிட்டது. நான் படித்த கல்லூரியின் ஆய்வகத்திலிருந்து இரண்டு தட்டுத் தராசும் எடைக்கற்கள் அடுக்கிய மரப்பேழையும் இரவல் வாங்கி வந்தேன். பொருள், கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் பித்தளைத் தூக்குக்குண்டு. இருநூறு, நூறு, ஐம்பது, இருபது, பத்து. முந்நூற்றெண்பது கிராம். அட்டையில் எழுதினேன். கற்களை இடுக்கியால் எடுத்துப் பேழையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, “அமுக்குணி, பெட்டி எங்கே? ஆறு நிமிஷம்தான் இருக்கு!” என்று கதவைத் தட்டினார்கள். மளமளவென்று குண்டைப் பெட்டிக்குள் வைத்து, மூடி, முத்திரையிட்டுக் கொடுத்தேன். பெட்டி தராசுக்குப் பக்கத்திலேயே திறந்து கிடந்தது. கம்பளித் துணியில் ஏதாவது விழுந்தால் சத்தம் கேட்காது.

அன்று வருடத்தின் இறுதிச் சுற்று. வக்கீலம்மா குலுக்கினார். வாத்தியார் குலுக்கினார். ரேடியோ அண்ணன் குலுக்கிவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

“உள்ள இருக்கறது ரெண்டு பொருளா?”

சிவப்பை அழுத்தினேன். யோசிக்கவே இல்லை. நான் வைத்தது ஒன்று.

“இல்லை” என்றார் தொகுப்பாளர்.

“ரெண்டு சார்.”

“இல்லைன்னு விளக்கு எரியுதுங்க.”

“ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது. சின்னது மூலைப் பக்கமாப் போய் ஒளியுது. ரெண்டு சார், எனக்குக் கேக்குதே.”

“அண்ணே, வீட்டுல அண்ணி ஒண்ணு, நீங்க ஒண்ணு. இங்க ஒண்ணுதான்!”

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் காது இரண்டு என்றது. விளக்கு ஒன்று என்றது. இரண்டையும் எப்படியோ சேர்த்துவைக்கப் பார்த்து, கடைசியில், “பூட்டு. சாவி அதுலயே மாட்டியிருக்கு” என்றார். பெட்டியைத் திறந்தார்கள். தொகுப்பாளர் தூக்குக்குண்டை மட்டும் எடுத்து உயர்த்திக் காட்டிவிட்டு மூடியைச் சாத்தினார். வாத்தியார் ஜெயித்தார்.

எல்லோரும் போன பிறகு பேழையைத் திறந்தபோது பத்து கிராம் குழி காலியாக இருந்தது. மரப்பெட்டியின் ஒரு மூலையில் துணி பசை விட்டுப் பிரிந்திருந்தது. அதற்கடியில் விரலை விட்டேன். எடைக்கல் அங்கே இருந்தது.

மறுநாள் காலை இயக்குநர் அறைக்குப் போனேன். அவர் தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருந்தார். “ரெண்டு சார்! ரெண்டு சார்! ஊரே அதைத்தான் சொல்லுது. இவ்வளவு பேர் நம்ம நிகழ்ச்சியப் பார்த்ததே இல்லை” என்றார் யாரிடமோ. பிறகு என்னைப் பார்த்து, “என்னம்மா?” என்றார்.

“ஒண்ணுமில்ல சார்” என்றேன்.

அன்று மாலையே தராசையும் கற்களையும் கல்லூரியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதன்பின் இரண்டு வாரம் ரேடியோ அண்ணன் வந்தார். இரண்டு வாரமும் பெட்டியைக் குலுக்கிவிட்டு, “தெரியலைங்க” என்று வாத்தியார் பக்கம் நகர்த்தினார். மூன்றாம் வாரம் வரவில்லை. எட்டு வாரத்தில் நிகழ்ச்சியே நின்றுபோனது. நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கும் பேச வேண்டிய தேவை குறைவு.

போன மாதம் இயக்குநர் கூப்பிட்டார். பழைய ஆட்களை எல்லாம் சேர்த்து, திரைக்குப் பின்னால் நடந்ததைப் பேசவைத்து ஒரு மணி நேர நிகழ்ச்சி. “நீயும் வந்து உன் கூண்டுக்குள்ள உட்காரணும்மா. ஒரு வார்த்தை பேச வேண்டாம்” என்றார். அதைச் சலுகையாகத்தான் சொன்னார்.

ஒப்பனை அறையில் ரேடியோ அண்ணனின் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் கணவரின் மாற்றுச் சட்டை. நான் ஓரமாக நின்றேன்.

“நீதான் அந்தக் கண்ணாடி ரூம் பொண்ணா? உட்காரு. கடிக்க மாட்டேன்.”

உட்கார்ந்தேன்.

“வர மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நின்னாரு. நான்தான் இழுத்துட்டு வந்தேன். எத்தனை நாளைக்கு ஒளிஞ்சிக்கறது?”

“அண்ணன் நல்லா இருக்காரா, அண்ணி?”

“சாப்பிடறாரு, தூங்கறாரு. ரேடியோவைத் தொடறதில்லை. யாராவது கொண்டு வந்தா என் தம்பிகிட்டத் தள்ளிவிட்டுட்டு, கடை முன்னால உட்கார்ந்து ரசீது எழுதறாரு. குக்கர் எத்தனை விசில்னு என்னைக் கேக்கறாரு. இவரு! பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினாலே தூக்கம் வராத மனுஷன்.”

“டாக்டர்கிட்ட...”

“காட்டாம இருப்பேனா? ரெண்டு டாக்டர். உங்க காது இருபது வயசுப் பையன் காதுய்யான்னு எழுதியே கொடுத்தாங்க. ‘அவங்க மிஷின் கீச்சுன்னு கத்தினா எனக்குக் கேக்குது, அது இல்லடி விஷயம். இல்லாததும் கேக்குது’ன்னு சொல்றாரு. இல்லாதது கேட்டா எந்தக் கோளாறை நம்பிப் பிரிக்கறதுன்னு கேக்கறாரு. நான் என்ன சொல்ல?”

அவர் சட்டையின் காலரை நீவிவிட்டார்.

“வர்ற ஒண்ணாம் தேதி கடையை என் தம்பி பேருக்கே எழுதிக் கொடுக்கறாரு. தம்பிக்குக் கிடைக்குதுன்னு நான் சந்தோஷப்படணுமாம். அவனுக்கு ஸ்பீக்கர் எது, மூடி எதுன்னு இப்பத்தான் பிடிபடுது.”

என் வாயில் சொல் இருந்தது. அப்போது ஒப்பனைக்காரர் பவுடரோடு உள்ளே வந்தார். அது ஒரு சாக்குதான். அவர் வந்திருக்காவிட்டாலும் வேறு ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

பதிவு மூன்று மணிக்கு ஆரம்பமானது. அரங்கில் நூறு பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் நிறைய ஞாபகம் இருந்தது. வக்கீலம்மா, தன் நாற்காலிக்கு ஒரு கால் குட்டையென்றும், பதினான்கு வருடமும் யாரும் அதைச் சரிசெய்யவில்லையென்றும் சொன்னார். “எதிர்த்தரப்புச் சதின்னு கடைசி வரைக்கும் நினைச்சேன்.” வாத்தியார், ஒரு முறை பெட்டியை மாற்றி, யாரோ ஒருவருடைய சாப்பாட்டு டப்பா வைத்த பெட்டியைக் குலுக்கிவிட்டதைச் சொன்னார். “எடைக் கணக்கு எல்லாம் சரியா வந்துச்சு. குழம்புதான் சட்டையில வந்துச்சு.”

ரேடியோ அண்ணன் எல்லாவற்றுக்கும் சிரித்தார். கேட்டால்தான் பேசினார்.

பிறகு அந்தத் துண்டுப் படத்தைப் போட்டார்கள். பெரிய திரையில் அவர் கண்ணைத் திறந்து, “ரெண்டு சார்” என்றார். நூறு பேரும் அவரோடு சேர்ந்து, “ரெண்டு சார்!” என்று கத்தினார்கள். கண்ணாடி அறைக்குள்ளும் அது தெளிவாகக் கேட்டது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவரும் தலையாட்டிச் சிரித்தார். முதல் வரிசையில் அவர் மனைவி மட்டும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஒரு வாய்ப்பு! அன்னைக்கு விட்டதை இன்னைக்குப் பிடிங்க” என்று தொகுப்பாளர் ஒரு பெட்டியை அவர் முன்னால் வைத்தார். உள்ளே நான் காலையில் வைத்த ஒரு தோல் வெட்டும் கத்தி. மூன்று முறை திறந்து பார்த்த பிறகே முத்திரையிட்டிருந்தேன்.

அவர் பெட்டியை எடுத்தார். காதருகே கொண்டுபோனார். குலுக்கவில்லை. அப்படியே இறக்கி, வாத்தியார் பக்கம் நகர்த்தினார்.

“எதுக்கு சார்? அப்புறம் மூணுன்னு சொல்லி வெச்சேன்னா?”

மறுபடியும் சிரிப்பு. நல்ல பதில்தான். யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

தொகுப்பாளரின் காதில் இருக்கும் கருவி வழியாக அவரோடு என்னால் பேச முடியும். ஒலிவாங்கியை முடுக்கினேன்.

“சார், நான் ஒண்ணு சொல்லணும். அவர்கிட்ட.”

தொகுப்பாளர் புன்னகை மாறாமல் விரலை மட்டும் ஆட்டினார். அப்புறம் என்று அர்த்தம். அப்புறம் என்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அதில் இரண்டே முக்கால் வருடத்துக்கும் மேல் இருந்திருக்கிறேன். அத்தாட்சி எதுவும் என்னிடம் இல்லை. அந்தக் கல் எந்தப் பேழையில் எந்தக் குழியில் இருக்கிறதோ. என் பேச்சை நம்பினால்தான் உண்டு. என் பேச்சை அங்கே யாரும் அதிகம் கேட்டதுகூட இல்லை.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். விளக்குகளின் சூடு முகத்தில் அடித்தது. காமிராக்காரர் என்னைப் பார்த்துவிட்டு யாரையோ பார்த்தார்.

“அடடே! அமுக்குணி கூண்டை விட்டு வந்துடுச்சுங்க! இதுவல்லவா அதிசயம்!” என்றார் தொகுப்பாளர். கை தட்டினார்கள். “நிறுத்தாதே, ஓடட்டும்” என்று இயக்குநரின் குரல் எங்கிருந்தோ கேட்டது.

மேசைக்கு முன்னால் போய் நின்றேன். ரேடியோ அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணே” என்றேன்.

“நீ பேசி நான் கேட்டதே இல்லையேம்மா” என்றார். கேலி இல்லை. பழக்கத்தில் தலையை லேசாகச் சாய்த்தார், பெட்டியைக் கேட்பதுபோல. பிறகு காதை நம்பக் கூடாது என்பது ஞாபகம் வந்தவராகத் தலையை நேராக்கிக்கொண்டார்.

“என்ன விஷயம்? மெதுவாச் சொல்லு. எனக்கு இப்பல்லாம் சரியாப் புரியறதில்லை.”

“சரியாத்தான் கேட்டீங்க” என்றேன்.

“எதை?”

கை தட்டல் நின்றிருந்தது. முதல் வரிசையில் அவர் மனைவி எழுந்து நின்றார்.

“நான் எடை போட வெச்ச கல்லு ஒண்ணு, பத்து கிராம், உள்ள விழுந்து துணிக்கடியில போயிடுச்சு. நிகழ்ச்சி முடிஞ்சதும் நானே எடுத்தேன். யார்கிட்டயும் சொல்லலை. அண்ணே, அன்னைக்குப் பெட்டியில ரெண்டு இருந்துச்சு.”