ஆடாத கட்டில்

செருப்பைக்கூடத் தேடாமல் அவள் பின்வாசல் வழியாக இறங்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அப்பாவின் உடலை முன்னறைக் கட்டிலில் கிடத்தி அதிக நேரம் ஆகவில்லை. கால்மாட்டைப் பிடித்துத் தூக்கிவந்த சித்தப்பா, குனிந்தவர், வெகுநேரம் நிமிரவேயில்லை. பிறகு யாரிடமும் சொல்லாமல் தெருமுனையிலிருக்கும் தன் டயர் கடைக்குப் போய்விட்டார். அண்ணன் பிணமாகக் கிடக்கையில் எவனாவது கடையைத் திறப்பானா?

அம்மா ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போன வாரம்தானே உங்கப்பா அவர் தம்பி கடையில புது டியூபும் பிளாப்பும் வாங்கிட்டு வந்து மாட்டுனார். எப்படிம்மா டயர் திடீர்னு இறங்கும்? உங்க சித்தப்பாவையே கேளு."

நேற்று மேடு ஏறும்போது பின்டயரில் காற்று இறங்கி, டிராக்டர் அப்பாவின் மேலேயே கவிழ்ந்திருந்தது.

கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். வண்டியை நிமிர்த்தியவர்கள் நேற்றே கழற்றிக் கொண்டுவந்து போட்ட பெரிய சக்கரம் தரையில் படுத்திருந்தது. பக்கத்தில் கிழிந்த டியூப். அதன் உள்வட்டம் முழுக்க இரும்புத் துரு செக்கச்செவேலென்று அப்பியிருந்தது.

அவளுக்கு அது போதும். டியூபுக்கும் இரும்பு ரிம்முக்கும் நடுவில் கிடக்கும் ரப்பர் பட்டைதான் பிளாப்பு. அது இல்லாத டியூபைத் துருப்பிடித்த ரிம் சில நாளிலேயே உரசி அறுத்துவிடும். சின்ன வயதிலிருந்து கேட்ட சண்டை. "டியூபுக்கு எதுக்குடா கோவணம்?" என்பார் அப்பா. "ஒருநாள் மானம் போகும்ணே, அப்பத் தெரியும்" என்பார் சித்தப்பா.

இப்போது அதே சித்தப்பா, தேய்ந்து வெடித்த ஒரு பழைய பிளாப்பை டயருக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

கை நின்றது. அவர் திரும்பவில்லை.

"உள்ள பிளாப்பே இல்லையா சித்தப்பா?"

"இருந்துச்சு. இதுதான். பழசு."

"என் கண்ணு முன்னாடியே திணிச்சுக்கிட்டு இதுதான்னு சொல்றீங்க. நான் என்ன பச்சக் கொழந்தையா?"

அவர் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள்.

"புதுசுன்னு சொல்லிப் பழசக் குடுத்துட்டேன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடு. என் தப்புதான். அவங்க வேற எதையும் யோசிக்கக் கூடாது."

கடைசி வார்த்தை அவளுக்கு மிரட்டலாகத்தான் கேட்டது. பெரிய தப்பு ஒன்றை மறைக்கத்தான் இந்தச் சின்னத் தப்பை நீட்டுகிறாரா? ஊரார் முன்னால் கேட்டு, மனிதரின் முகமூடியைக் கிழித்துவிட வேண்டும்.

அப்பாவை மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டு ஆண்கள் திரும்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். சித்தப்பா மட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை. அவருக்கு நேராகப் போய் நிற்பதற்காக, குறுக்கே கிடந்த கட்டிலை ஒதுக்கினாள்.

கட்டில் கால்கள் இருந்த இடத்தில் நான்கு கறுப்புத் துண்டுகள் கிடந்தன. ஒன்றை எடுத்தாள். கனத்த ரப்பர். புது ரப்பரில் இருக்கும் மெல்லிய முட்கள்கூட உதிரவில்லை. ஓரத்தில், டியூபின் வால்வு நுழையும் வட்டத் துளை.

நிமிர்ந்தாள். சித்தப்பா அவளைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத எடுத்துப் போட்டுடாதம்மா," என்றாள் அம்மா, சுவரில் சாய்ந்தபடி. "கட்டில் ஆடுது, தூக்கமே வரலன்னு நான் நச்சரிச்ச நச்சரிப்புக்குப் போன வாரம்தான் உங்கப்பா வெட்டி வச்சார். எங்கியோ சும்மா கெடந்த ரப்பராம்."

கட்டிலருகே குனிந்த சித்தப்பா வெகுநேரம் நிமிராதது இதைப் பார்த்துத்தான்.

"டயரப் பத்திக் கேட்டியா? என்ன சொன்னார் உங்க சித்தப்பா?"

துண்டைப் பிடித்திருந்த விரல்கள் மடங்கின.

"புதுசுன்னு பழைய பிளாப்பக் குடுத்துட்டாராம்மா."

அம்மா வாசலைப் பார்த்தாள். "கூடப் பொறந்தவனாய்யா நீ?" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை. சித்தப்பா படியிலேயே தலைகுனிந்து நின்றிருந்தார்.

அவள் குனிந்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி, துண்டுகளைப் பழையபடி வைத்தாள். துளையுள்ளதைச் சுவரோரத்துக் காலுக்கடியில், துளை உள்பக்கமாக இருக்கும்படி வைத்தாள். பிறகு அம்மாவைக் கைத்தாங்கலாக எழுப்பிக் கட்டிலில் படுக்கவைத்தாள்.

அம்மா விசும்பிக்கொண்டே புரண்டு படுத்தாள். கட்டில் ஆடவில்லை.