கவிழ்த்து வைத்த தொட்டி

குதிரையின் தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. தற்செயலாக அல்ல. கழுவிக் காயவைத்த பாத்திரம் போல, யாராவது கேட்டால் பதில் சொல்ல வசதியாக, சுத்தமாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

இளமதி வழக்கமாக எட்டு மணிக்குத்தான் வருவாள். இன்றைக்கு வேண்டுமென்றே புதுச்சத்திரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். சிதம்பரத்துக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்தக் குதிரைப் பண்ணையில் இன்னும் வெளிச்சம் முழுதாக வரவில்லை. வேலிக்குள்ளே துரை வட்டமாக ஓடிக்கொண்டிருந்தான். வெள்ளைத் தோல், வெளிறிய கண், நாலரை வயதுக் குதிரை. வெள்ளையாக இருக்கிறானே என்று யாரோ வைத்த பெயர். நடுவில் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பண்ணையாள் அறிவழகன் நின்றார். குதிரையின் வயிறு இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தது.

"எப்பலேர்ந்து ஓட்றீங்கண்ணே?"

அறிவழகன் திடுக்கிட்டுத் திரும்பினார். "நீ இன்னா இந்நேரத்துல?"

"எப்பலேர்ந்து?"

"மூணரை."

"தண்ணி?"

அவர் கயிற்றைப் பார்த்தார். "நேத்து காலைல வச்சது. மாஸ்டர் சொன்னாரு, நான் செஞ்சேன். என்ன இதுல இழுக்காத பாப்பா."

இளமதி போனை எடுத்துத் தொட்டியைப் படம் பிடித்தாள். பிறகு குதிரையை. நேரம் ஐந்து ஐம்பத்திரண்டு. துரை நின்றதும் கிட்டே போய்க் கழுத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டாள். உடம்பில் நீர் இருந்தால் அது சட்டென்று படிந்துவிடும். இது படியவில்லை. மேடு கட்டி நின்று, மெதுவாக, வேண்டாவெறுப்பாக இறங்கியது.

ஆக, இதுதான் வித்தை. இரண்டு வருடமாகக் குதிரை வாங்க வருகிறவர்கள் எல்லாரும் வாய் பிளந்து பார்த்த தேவநாதன் மாஸ்டரின் பழக்கும் திறமை இதுதான்.

தேவநாதன் குதிரை பழக்குகிறவர். கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வைத்துத் தொழில் செய்கிறவர்கள் கடலூரிலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் அவரிடம்தான் வருவார்கள். பேண்டு செட்டுக்கும் வெடிக்கும் மிரளாத குதிரை அவரிடம் கிடைக்கும் என்று பேச்சு. வருகிறவர்களிடம் இளமதியைக் காட்டி, "பட்டதாரிப் பொண்ணு, மிருகங்களப் பத்தியே மூணு வருஷம் படிச்சது, அதுங்கிட்டயே கேட்டுக்குங்க" என்பார். அவள் படித்தது பி.எஸ்சி. விலங்கியல். அவள் வீட்டில் அதற்கு முன்னால் பத்தாவது தாண்டிய ஆள் கிடையாது. அம்மா மாரியம்மாள் இறால் உரித்து உரித்து விரல் வெந்துபோய்ப் படிக்க வைத்தாள். முதல் பட்டதாரி என்று தாசில்தார் ஆபீசில் வாங்கிய சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருந்தது. வேலை கொடுத்தது தேவநாதன் மட்டும்தான். அவர் கொடுத்தது வேலை. எடுத்துக்கொண்டது அவள் வாக்கை. அது அவளுக்கு நான்கு மாதம் முன்புவரை புரியவில்லை.

நான்கு மாதம் முன்பு மங்கலம்பேட்டையிலிருந்து சிலம்பரசன் என்று ஒருவர் வந்து ஒரு குதிரை வாங்கினார். "சாதுதானே பாப்பா?" என்று அவளிடம்தான் கேட்டார். குதிரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. "பச்சப்புள்ள மாதிரிண்ணே" என்று சொன்னாள். முதல் கல்யாணத்திலேயே குதிரை பேண்டுக்காரர்களை மிதித்துக்கொண்டு ஓடியது. பிடிக்கப் போன சிலம்பரசனுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் போன் பண்ணியது மாஸ்டருக்கு அல்ல, இவளுக்கு. "நீ சொன்னியேன்னுதானேம்மா வாங்கினேன்."

மாஸ்டரிடம் கேட்டாள். "கொள்ளு ஜாஸ்தி போட்டிருப்பான். இங்க இருக்கறவரைக்கும் எப்டி இருந்துச்சு? வாங்கினு போனவன் கெடுத்தா நான் இன்னா பண்றது?" என்றார். இளமதி அதை நம்பினாள் என்று சொன்னால் பொய். நம்புவது வசதியாக இருந்தது. சிலம்பரசன் கடலூர் நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டு, சாட்சி சொல்ல வா என்று கூப்பிட்டபோது அவள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

இன்றைக்குக் குதிரை வாங்க ரோசி வருகிறாள். கடலூர் முதுநகர்க்காரி. கல்யாணக் குதிரை ஓட்டிய புருஷன் போன வருடம் செத்துப்போனான். அவனுக்குப் பின்னாலேயே குதிரையும் போய்விட்டது. பொம்பள எப்டி மாப்பிள்ளை குதிரை பிடிப்பே என்று கேட்டவர்கள் வாயை அடைக்க, தானே கடிவாளம் பிடித்து நடக்கப் போகிறாள். அதற்காக அவள் வாங்கப்போகிற குதிரைதான் துரை. அவள் வருமுன் இங்கே நடப்பதைப் பார்க்கத்தான் இளமதி முதல் பஸ்ஸைப் பிடித்தாள்.

ஏழரைக்கு மாஸ்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருவந்திபுரத்துத் திருமண். இளமதியைப் பார்த்ததும் புருவம் ஏறியது.

"சீக்கிரமே வந்துட்டியா, நல்லது. அந்தம்மா வந்தா வழக்கம்போல நாலு வார்த்த சொல்லு."

"துரைக்குத் தண்ணி வைக்கட்டுமா மாஸ்டர்?"

"ஓடி வந்த உடம்பு. இப்பத் தண்ணி காட்னா வயிறு முறுக்கிக்கும். படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததா?"

தெரியும். நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பதும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்பதும் தெரியும். இன்னொன்றும் தெரியும். இப்போது கொடுத்துவிட்டால் மாஸ்டர் ரோசியிடம் ஏதாவது சாக்குச் சொல்லி அடுத்த வாரம் வரச் சொல்வார். அன்றைக்கும் தொட்டி கவிழும். ரோசி கண் முன்னால்தான் கொடுக்க வேண்டும். அதற்காக ஒரு வாயில்லா ஜீவன் இன்னும் ஒன்றரை மணி நேரம் காய வேண்டியிருந்தது. அவள் கோபத்தில் பாதி மாஸ்டர் மேல் இருந்தது. மீதி அவள் மேலேயே இருந்தது.

ஒன்பது மணிக்கு ரோசி மினி லாரியோடு வந்து இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை, தோளில் புருஷனுடைய பழைய கயிறு, கையில் ஒரு மஞ்சள் பை.

"வாங்க சிஸ்டர், வாங்க!"

"நான் மடத்துல சேரல மாஸ்டர். ரோசின்னே கூப்டுங்க."

பையிலிருந்து ஒரு சரவெடியை எடுத்தாள். பாதியைப் பிய்த்துத் திரும்பப் பைக்குள் போட்டாள். "ஊர்வலத்துல இதத்தான வைப்பானுங்க. முன்னாடியே பாத்துக்கறது நல்லது" என்று சொல்லிக் குதிரையிலிருந்து பத்தடி தள்ளிக் கொளுத்தினாள். படபடவென்று வெடித்தது. பக்கத்துக் கொட்டகையில் இரண்டு குதிரைகள் கனைத்துக் குதித்தன. துரை ஒரு காதை மட்டும் திருப்பினான். அவ்வளவுதான்.

ரோசியின் முகம் மலர்ந்துவிட்டது. "அடேங்கப்பா! எங்க வீட்டுக்காரர் வளத்த குதிர ஆறு வருஷம் கழிச்சும் இப்டி நிக்கலயே."

"பழக்கம் சிஸ்டர், எல்லாம் பழக்கம். வேணும்னா இந்தப் பொண்ணக் கேளுங்க. படிச்சது."

ரோசி திரும்பினாள். "நீ சொல்லு பாப்பா. ஆம்பளைங்க ஆயிரம் சொல்லுவானுங்க. நீ சொன்னா நான் ஓட்டிக்கினு போயிடறேன். சாதுதான?"

மாஸ்டர் சிரித்துக்கொண்டு நின்றார். அறிவழகன் வைக்கோலை அள்ளுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

இளமதி நேரே போய்த் தொட்டியை நிமிர்த்தினாள். உலர்ந்த அடிப்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது. குழாயடியில் வாளியை வைத்துத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் துரை தூக்கிய தலையைப் பார்க்க வேண்டுமே! வெடிக்கு அசையாத குதிரை, வாளிச் சத்தத்துக்குத் தன்னைக் கட்டியிருந்த கட்டையை இழுத்தது.

"ஏய், இன்னா பண்ற? நான்தான் சொன்னேன்ல?"

"குடிக்கட்டும் மாஸ்டர்."

அரை வாளி ஊற்றினாள். உறிஞ்சித் தீர்த்தது. சற்றுப் பொறுத்து இன்னொரு அரை வாளி. அதுவும் போயிற்று. மூன்றாவது, நான்காவது. குடித்து முடித்த தொட்டியை நாக்கால் நக்கிற்று. ரோசியின் முகத்தில் இருந்த மலர்ச்சி ஒவ்வொரு வாளிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"எப்ப குடுத்தது இதுக்குத் தண்ணி?" என்றாள்.

"வெயில் காலம் சிஸ்டர், குதிரன்னா குடிக்கத்தான் செய்யும்…"

"நேத்து காலைல" என்றாள் இளமதி. "ராத்திரி மூணரை மணியிலேர்ந்து ஓட்டியிருக்காங்க. அக்கா, இது சாது இல்ல. மயக்கத்துல நிக்குது. இதே மாதிரி ஒரு குதிரைய நல்லதுன்னு சொல்லி நான் ஒருத்தர் இடுப்ப ஒடிச்சிருக்கேன். இன்னொரு தரம் என் வாயால சொல்ல மாட்டேன்."

மாஸ்டர் கை ஓங்கவில்லை. அவர் அந்த ரகம் இல்லை. குரலை இன்னும் இனிப்பாக்கினார். "சம்பளம் ஏத்திக் குடுக்கலன்னு கோவம் சிஸ்டர் இதுக்கு. சின்னப் பொண்ணு. நீங்க கிளம்புங்க, குதிரைய நானே ஏத்தி விடறேன்."

ரோசி கிளம்பவில்லை. ஒரு தவிட்டு மூட்டையை நிழலுக்கு இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். "அவசரமில்ல. அது நல்லாக் குடிச்சு, தின்னு, தெம்பாகட்டும். அப்புறம் ஒருவாட்டி பாத்துட்டுப் போறேன்."

"சாயங்காலம் ஆயிடும்."

"ஆகட்டும். சோறு கட்டியாந்திருக்கேன்."

"எனக்கு வேற பார்ட்டி வருது…"

"வரட்டுமே, பேச்சுத் துணைக்கு ஆச்சு." ரோசி போனைக் காட்டினாள். "கடலூர்லேர்ந்து நெய்வேலி வரைக்கும் கல்யாண வேல பாக்கறவங்க எல்லாம் ஒரே வாட்ஸ்அப் குரூப்பு மாஸ்டர். இருநூத்திச் சொச்சம் பேரு. நான் வாய்ஸ் நோட்டு போடாம இருக்கேன்ல, அத நெனச்சு சந்தோஷப்படுங்க."

மாஸ்டர் அறைக்குள் போய் யார் யாருக்கோ போன் பண்ணினார். இளமதி துரையை நிழலில் கட்டி, தண்ணீரும் புல்லும் கொள்ளும் மாற்றி மாற்றி வைத்தாள். மத்தியானம் ரோசி கருவாட்டுக் குழம்பு சோற்றில் பாதியை அவளுக்கு வைத்தாள். இரண்டு பேரும் கண்ணைக் குதிரையிடமிருந்து எடுக்கவில்லை.

இரண்டு மணிக்கு வால் ஆட ஆரம்பித்தது. மூன்று மணிக்குக் கழுத்து நிமிர்ந்தது. நாலு மணி ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு போனபோது துரை பின்னங்காலால் விட்ட உதையில் வேலிப் பலகை ஒன்று பிளந்து தெறித்தது. அழகான குதிரை. பழகாத, பயந்த, வலுவான குதிரை.

ரோசி எழுந்து புடவையில் ஒட்டிய தவிட்டைத் தட்டினாள். பையிலிருந்து மீதிச் சரத்தை எடுத்தாள். "மாஸ்டர்! கொஞ்சம் வெளிய வாங்க."

வந்தார்.

"சாதுன்னீங்க. சந்தோஷம். நீங்க அது மேல ஏறி உக்காருங்க. நான் இத வைக்கிறேன். நீங்க எறங்காம இருந்தீங்கன்னா இப்பவே ஓட்டிக்கினு போறேன்."

தேவநாதன் குதிரையைப் பார்த்தார். பிளந்த பலகையைப் பார்த்தார். துரையும் அவரைப் பார்த்தான்.

"எனக்கு முதுகு வலி" என்றார்.

"அதான் மாஸ்டர்" என்றாள் ரோசி. "எனக்கும் முதுகுன்னு ஒண்ணு இருக்கு."

புருஷனின் கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டாள். தேவநாதன் இளமதியிடம் திரும்பினார். இனிப்பெல்லாம் வற்றிப் போயிருந்தது. "நாளைலேர்ந்து வராத. நீ படிச்ச படிப்புக்கு வேற எவன் வேல குடுக்கறான்னு பாக்கறேன்."

"பாருங்க" என்றாள் இளமதி. போகிற போக்கில் தொட்டியை இன்னொரு முறை நிரப்பினாள். அறிவழகனிடம், "கவுத்தாதீங்கண்ணே" என்றாள். அவர் தலையாட்டினார். அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

குதிரையில்லாத லாரி கடலூர் ரோட்டில் கடகடவென்று போனது. புதுச்சத்திரத்தில் இறக்கி விடுகிறேன் என்று ரோசி அவளை முன்னால், டிரைவருக்கும் தனக்கும் நடுவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். முட்லூர் தாண்டும்போது இளமதி சிலம்பரசனின் நம்பரைத் தேடிப் போட்டாள். நீளமாக மணி அடித்தது.

"அண்ணே, நான் இளமதி."

"எந்த இளமதி? போன் எடுக்காத இளமதியா?"

"ஆமா. அந்த இளமதிதான். கோர்ட்டுல என்னிக்கு வாய்தா?"

"செவ்வாக்கெழம. வந்து இன்னா சொல்லுவ?"

"குதிரைய எப்டி சாதுவாக்குனாங்கன்னு சொல்லுவேன். நான் விசாரிக்காம நல்லதுன்னு சொன்னேன்னு சொல்லுவேன். சந்தேகம் வந்தப்புறமும் உங்க போன எடுக்கலன்னு சொல்லுவேன்."

"அது உனக்கே அசிங்கமாச்சே பாப்பா."

"ஆமாண்ணே. அசிங்கம்தான்."

போனை வைத்துவிட்டு, கவிழ்த்து வைத்த தொட்டியின் படத்தையும் துரையின் படத்தையும் அவருக்கு அனுப்பினாள். ரோசி ரோட்டைப் பார்த்தபடியே, "எனக்கு ஒண்ணு அனுப்பு" என்றாள். அவளுக்கும் அனுப்பினாள்.

ஆலப்பாக்கம் போர்டு தெரிந்தபோதுதான் புதுச்சத்திரம் தாண்டிவிட்டது இரண்டு பேருக்கும் உறைத்தது. டிரைவர் திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பும்போது போன் அதிர்ந்தது. சிலம்பரசன்.

'பத்து மணி. லேட்டா வராத.'