பத்தாவது நூறு

கரண்டு போனதும் பூரணம் அரிவாள்மனையை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு எழுந்தாள். பாதி நறுக்கிய புடலங்காய் தட்டிலேயே கிடந்தது. தெருவில் ஓடிக்கொண்டிருந்த நாற்பது ஐம்பது தறிகளும் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டன. இளையரசனேந்தல் பக்கம் கரிசல்காட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு, சங்கரன்கோவிலில் வாக்கப்பட்ட புதிதில் இந்தச் சத்தம் தலைவலியைக் கொடுத்தது. மூன்று வருஷத்தில் காது பழகிவிட்டது. இப்போதெல்லாம் சத்தம் நின்றால்தான் நெஞ்சு பக்கென்கிறது. ஆனால் இன்றைக்கு அந்த அமைதிக்காகத்தான் அவள் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் முருகம்மாள் குருவிகுளத்தில் ஒரு துஷ்டி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தாள். முதல் வண்டிக்குப் போனவள் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். சாயங்காலம் நாலு மணிக்கு, லீவில் ஊருக்கு வந்திருக்கிற மூக்காண்டி வந்து, அவள் புருஷனுக்குப் பேசி அனுப்புகிற கேசட்டை வாங்கிக்கொண்டு போவான். நாளைக் காலையில் அவனுக்குத் திருவனந்தபுரத்துக்குப் பயணம், அங்கிருந்து துபாய்க்குப் பிளேன். கையில் இருப்பது இந்த ஒரு கரண்டு கட்டு மட்டும்தான். சித்திரை பிறந்ததிலிருந்து பதினொரு மணிக்குப் போனால் அரைமணி நேரம் கழித்து வருகிறது. அரைமணி போதும். விரல் தவறாமல் இருந்தால் போதும்.

டேப் ரெக்கார்டரின் முதுகைத் திறந்து ஆறு பேட்டரிக் கட்டைகளையும் சரியாகப் பதித்தாள். நாலு நேற்று வாங்கியவை, இரண்டு டார்ச்சிலிருந்து உருவியவை. பிறகு டிரங்குப் பெட்டியில் பட்டுச்சேலை மடிப்புக்குள்ளிருந்து வீடியோ கேமை எடுத்தாள். சிகரெட் டப்பா அகலம்தான் இருக்கும். சின்னக் கண்ணாடி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொத்தான். கண்ணாடிக்குள் ஒரு மரம், மரத்துக்கு மூன்று கிளை, அடியில் கூடை ஏந்திய ஒரு மனுஷன். கிளைகளிலிருந்து பழம் விழும். அவனை வலப்பக்கமும் இடப்பக்கமும் நகர்த்தி ஏந்த வேண்டும். ஏந்தினால் 'கீச்' என்று ஒரு சத்தம். மூன்று பழம் தவறினால் ஆட்டம் முடிந்தது. நூறு பழத்துக்கு ஒருமுறை சின்னதாக ஒரு பாட்டுப் படிக்கும். அவ்வளவுதான் அதன் வித்தை. வளர்ந்த இரண்டு பேர் அதைக் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள்.

அந்த இரண்டு பேரில் ஒருத்தன் அவள் புருஷன் சண்முகையா. துபாயில் எலெக்ட்ரீஷியன். கல்யாணம் முடிந்து ஒரு மாசம் இருந்துவிட்டுப் போனவன், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நாற்பத்தைந்து நாள் லீவில் வந்தான். சோப்பு, சென்ட், சேலைகளோடு இதையும் கொண்டுவந்தான். யாருக்கென்று சொல்லவில்லை. பகலில் பார்க்க வருகிறவர்கள் கூட்டம், விருந்து, ஏதாவது கோயில். சாப்பாட்டுக்குப் பிறகு மச்சு அறையில் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் புருஷனும் பொண்டாட்டியும் என்ன பேசுவது? இரண்டு பேருக்குமே கூச்சம் விடவில்லை. அந்தச் சின்னப் பெட்டிதான் அவர்களைப் பேச வைத்தது. அவன் ஆடும்போது அவள் தோள்மேல் எட்டிப் பார்ப்பாள், அவள் ஆடும்போது அவன் காதில் ஊதி ஆட்டத்தைக் கெடுப்பான். "அழுகுணி ஆட்டம் ஆடுதீங்க" என்பாள். அவன் அறுநூற்று நாற்பது வரைக்கும் எடுத்தான். அவளுக்கு முந்நூறைத் தாண்ட முழி பிதுங்கியது.

போவதற்கு இரண்டு நாள் முன்னால் அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவன் பெட்டியை அவள் கையில் வைத்து அழுத்தினான்.

"ஏட்டி, நீ ஆயிரம் எடுத்துட்டேன்னு சேதி மட்டும் அனுப்பு. மறு பிளேன்ல ஏறி வந்து நிக்கேன்."

வேடிக்கைக்குச் சொன்னதுதான். அது அவளுக்கும் தெரியும். விசாவும் காண்டிராக்டும் கம்பெனிக்காரன் கையில் இருக்கிறது, கூடைக்காரன் கையில் இல்லை. இருந்தாலும் ஒரு பேச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஆடி ஆடி விரல் நுனி மரத்துப்போனது. மாமியார் அந்தப் பெட்டிக்குக் 'கீச்சான்' என்று பேர் வைத்தாள். "அந்தக் கீச்சானை எடுத்தாச்சா? இனி உலை கொதிச்சாலும் காதுல விழாது." பூரணம் கண்டுகொள்ளவில்லை. பிறந்த ஊரில் பருத்தி எடுக்கிற காலத்தில் இரண்டு கையாலும் எடுத்து, தன் நிரையை முடித்து முதல் ஆளாகக் கரை ஏறுவாள். அவள் அய்யா அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். இங்கே வந்த பிறகு அவள் முதல் ஆளாக வந்த காரியம் ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் கைகளுக்கு இந்தப் பெட்டி தோதாக அமைந்துவிட்டது. ஐந்நூறு வந்தது. அவனுடைய அறுநூற்று நாற்பதைத் தாண்டிய அன்றைக்கு, மச்சில் தனியாக உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தை மாசத்தில் ஒருநாள் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த பழத்தை ஏந்தினாள். பாட்டுப் படித்தது. மூன்று ஒன்பதும் மறைந்து, அந்த இடத்தில் மூன்று பூச்சியம் நின்றது. பெட்டிக்கு நாலாவது எண் கிடையாது. ஆயிரம் என்பதே அதற்குத் தெரியாது.

அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அது அவருக்குத் தெரியுமா? கம்பி கம்பியாகக் கரண்டைப் பிரித்துப் பார்க்கிற மனுஷனுக்கு, கண்ணாடியில் மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்தே சொன்னாரா? நாலைந்து நாள் பெட்டியைத் தொடவில்லை. அப்புறம் மனசு ஒரு வழி கண்டுபிடித்தது. எண்தானே நிற்காது, பாட்டுக் கேட்குமே. பத்துப் பாட்டுக் கேட்டால் ஆயிரம். காகிதத்தில் ஆயிரம் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம், "புளுகுதா" என்று சிரித்துவிடுவார். காதால் கேட்டால் என்ன சொல்வார்?

கடிதத்தைவிடக் கேசட்டுத்தான் இப்போது வழக்கம். ஊருக்கு வந்தவன் திரும்பும்போது கொடுத்து விடுவார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முருகம்மாள் முதல் பக்கம் முழுவதையும் பேசித் தீர்த்திருந்தாள். "ஏய்யா சம்முவம், நல்லாருக்கியா?" என்று கத்திக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள். அவன் பதில் சொல்லிவிட்டான் என்று அவளுக்குத் திருப்தியான பிறகுதான் அடுத்த பேச்சு. பூரணத்துக்குக் கடைசி ஒரு நிமிஷம். எல்லோரும் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க என்னத்தைப் பேச? "நல்லாருக்கேன். ஒடம்பப் பாத்துக்கோங்க." இதற்கு முந்தின மூன்று கேசட்டிலும் அவள் அதைத்தான் சொல்லியிருந்தாள். இரண்டாவது பக்கம் காலியாக இருந்தது.

கதவைத் தாழ்போட்டாள். கேசட்டைத் திருப்பிப் போட்டு, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினாள். பெட்டியை மைக் ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாள்.

முதல் நூறு சோம்பேறித்தனமாகப் போகும். முதல் பாட்டு. இரண்டாவது பாட்டு. நானூறுக்கு மேல் பழங்கள் கிடுகிடுவென்று விழத் தொடங்கும்; அப்புறம் கண்ணால் பார்த்து விரலை நகர்த்த நேரம் இருக்காது, விரலே பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று தவறியது. கழுத்தில் வேர்வை வழிந்தது, துடைக்கக் கையில்லை. வாசலில் யாரோ "பூரணம், ஏட்டி பூரணம்" என்று கூப்பிட்டாள். அடுத்த வீட்டு முத்துத்தாயின் குரல். பதில் சொன்னால் அதுவும் பதிவாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டாள். முத்துத்தாய் இரண்டு தரம் கதவைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். ஏழாவது பாட்டு. எட்டாவது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இன்னொன்று தவறியது. இனி ஒன்று போனால் எல்லாம் போச்சு.

ஒன்பதாவது பாட்டு முடிந்து இருபது முப்பது பழம்தான் ஏந்தியிருப்பாள். தலைக்கு மேல் மின்விசிறி அசைந்தது.

முதலில் ஒரு தறி, பிறகு இரண்டு, அப்புறம் தெருவே தடதடவென்று கிளம்பிவிட்டது. 'கீச்' எங்கே போனதென்று தெரியவில்லை. அரைமணி ஆகவில்லை, ஐந்து நிமிஷம் முன்னாலேயே விட்டுவிட்டான் பாவி. நிறுத்தத் தோன்றவில்லை, நிறுத்தவும் முடியாது. காது போனால் போகட்டுமென்று கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆடினாள். தொள்ளாயிரத்து எழுபது. தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. மூன்று ஒன்பது. அடுத்த பழம் வலது கிளையிலிருந்து விழுந்தது, கூடைக்காரன் இடது ஓரத்தில் நின்றான். அவனை எப்படிக் கொண்டுவந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மூன்று பூச்சியம்.

கேசட்டை ஓட்டிக் கேட்டாள். ஒன்பது பாட்டும் கிண்ணென்று இருந்தன. பத்தாவது இருக்க வேண்டிய இடத்தில் தறிதான் ஓடியது. காதை ஒட்டவைத்துக் கேட்டாள். ஒருதரம் கேட்டதுபோல இருந்தது, மறுதரம் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் இன்னொரு தடவை கரண்டு போகும் என்று யாரை நம்ப? போனாலும், இன்னொரு ஆயிரம் சொன்னவுடனே வந்துவிடுமா? இத்தனைக்கும் பிறகு இப்படியா என்று ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் மறுபடியும் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள் போலிருக்கிறது. தறிச் சத்தத்துக்கு மேலே போக வேண்டியிருந்ததால் மாமியாரைப் போலவே அவளும் கத்தினாள்.

"நான் பூரணம் பேசுதேன். பத்தாவது பாட்டும் வந்துட்டு. கரண்டு வந்து தறியைப் போட்டுட்டாங்க, அதான் கேக்கல. ஆயிரம் எடுத்துட்டேன். நீங்க வெளையாட்டுக்குத்தான் சொன்னீங்க, எனக்குத் தெரியும்." மைக் ஓட்டைக்கு இன்னும் குனிந்தாள். "ஆனாலும் எடுத்துட்டேன்."

நாலு மணிக்கு மூக்காண்டி வந்தான். "என்ன மதினி, முகமெல்லாம் இப்படிச் செவந்திருக்கு?" என்றான். "அடுப்பு வெக்கை" என்று சொல்லிக் கேசட்டைக் கொடுத்தாள்.

ஆடி மாசம் பதில் வந்தது. வேறொரு ஆள் கொண்டுவந்து கொடுத்தான். முருகம்மாள் கையோடு முத்துத்தாயையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டாள். வெளியே தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தத்தை முழுசாக வைத்தார்கள். முதல் பக்கம் அம்மாவுக்கு. மூட்டுவலிக்குத் தைலம் அனுப்பியிருப்பதைச் சொன்னான், மூக்காண்டி போய்ச் சொன்ன குருவிகுளத்துத் துஷ்டியை விசாரித்தான். பிறகு, "எம்மா, கம்பெனியில இன்னும் ஒரு வருசம் இருக்கச் சொல்லுதான். எழுதிக் குடுத்துட்டேன்" என்றான். முருகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கன இருந்தாலும் நல்லாருக்கட்டும்" என்றாள். பூரணம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் என்பது எத்தனை கரண்டு கட்டு என்று மனசு கிறுக்குத்தனமாகக் கணக்குப் போட்டது.

இரண்டாவது பக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். ஒரே ஆம்பிளைச் சத்தம். அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறவர்கள் போலிருக்கிறது, யார் யாரோ.

"ஒம்பதுதான்வே கேட்டுச்சி. நான் விரல் விட்டு எண்ணிக்கிட்டுல்லா இருந்தேன்."

"பத்தாவது தறிக்குள்ள அமுங்கிட்டு அண்ணாச்சி. நல்லாக் கேளும், ஒரு கீச்சு இருக்கு."

"இல்லாததை இருக்குங்காதீயும். ஒம்பது தெளிவாக் கேக்குதுல்லா, பத்து மட்டும் எங்க போச்சாம்?"

அந்தச் சளசளப்புக்கு நடுவே சண்முகையாவின் குரல் வந்தது. அம்மாவோடு பேசிய குரல் இல்லை. மச்சு அறையில் கேட்ட குரல்.

"ஆயிரம்தான். அவ ஆயிரம்னு சொன்னா ஆயிரம்தான்."

பிறகு ஒருவன் கைதட்டினான், எல்லோரும் தட்டினார்கள். "தங்கச்சி, கெட்டிக்காரிம்மா நீ!" என்று ஒரு வயசான குரல் மைக்குக்குப் பக்கத்தில் வந்து கத்திவிட்டுப் போனது. யாரோ கேட்டான்: "அப்ப எப்பம்வே ஊருக்கு? ஆயிரம் எடுத்தா மறு பிளேன்னு சொன்னீராமே?"

அறை முழுக்கச் சிரிப்பு. அவனும் சிரித்தான். மற்றவர்கள் சிரிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது. அது நின்ற இடம் பூரணத்துக்குத் துல்லியமாகக் கேட்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"இது என்னட்டி ஆயிரம்? யாரு எடுத்தா?" என்று முருகம்மாள் கேட்டாள். முத்துத்தாயும் திரும்பிப் பார்த்தாள்.

"நான் எடுத்தது அத்தை" என்றாள் பூரணம். "கீச்சான்ல."

மாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பேச்சு முடிஞ்சிட்டுன்னா அமத்திரு. கரண்டு வீணாப் போகும்" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

பேச்சு முடிந்திருந்தது, ஆனால் அங்கே யாரும் பொத்தானை அமுக்கி நிறுத்தவில்லை. கேசட்டு ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் விழுந்தது. ஏசி முனகியது. தட்டு வைக்கிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம், கட்டில் கிறீச்சிடுகிற சத்தம். பூரணம் டேப் ரெக்கார்டரை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, தெருவின் தறிச் சத்தத்துக்குத் தப்பித்துக் காதை அதோடு ஒட்டவைத்தாள். அந்த அறையில் ஏழெட்டுப் பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, அதில் ஒன்றை மட்டும் தேடிக்கொண்டிருந்தாள்.