இரண்டு மார்க்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் 'ஒரிஜினல்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயரைச் சொன்னால் எதிர்வீட்டில்கூட முழிப்பார்கள். ஆறு வருடமாக ஒரு பழைய ஜீப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறவரை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? அந்த ஜீப்பும் அவருடையது அல்ல, என் அப்பாவுடையது. அப்பா போனபின் எனக்கு வந்தது. பெண்டாட்டிக்கு வந்தது தனக்கு வந்ததுதானே என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அப்பா மெக்கானிக். கம்பெனி பாகம் ஒன்று கெட்டால் கையில் கிடைத்ததைப் போட்டு வண்டியை ஓட்டிவிடுவார். லாரி விளக்கு, டிராக்டர் சீட், எந்த மிஷினிலிருந்து வந்ததென்று அவருக்கே மறந்துபோன ஒரு கியர் குமிழ், எல்லாம் அதில் இருந்தன. என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தார். கம்பெனி போட்ட அசல் பாகங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். போல்ட் தலையில் கம்பெனி எழுத்து இருக்க வேண்டும். விளக்குக் கண்ணாடி ஓரத்தில் வருடம் இருக்க வேண்டும். கியர்பெட்டியின் வார்ப்பில் எண் இருக்க வேண்டும். ஒருமுறை நான் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் வந்து, "எப்படி இருக்கு?" என்றார். பரவாயில்லையே, மனுஷனுக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறதே என்று கண்ணைத் திறந்தேன். கையில் ஒரு போல்ட்.

நான் எதற்கும் வாயைத் திறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

என் இடது முட்டி மடங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்த ஜீப்போ தரையிலிருந்து இடுப்பு உயரம். எனக்குப் பத்து வயதானபோது அப்பா நான் ஏறும் பக்கத்தில் ஒரு படி வைத்து வெல்டிங் செய்தார். தரையிலிருந்து ஒரு சாண் உயரம், என் செருப்பின் அகலம், வழுக்காமலிருக்க மேலே குறுக்குக் கோடுகள். அதில் கால் வைத்து, கம்பியைப் பிடித்து, ஒரு எம்பு எம்பினால் சீட்டில் இருப்பேன். பஸ்ஸில் கண்டக்டர் கை கொடுப்பார், ஆட்டோவில் டிரைவர் அனுதாபப்படுவார். உலகத்திலேயே நான் யார் தயவும் இல்லாமல் ஏறுகிற வண்டி அது ஒன்றுதான்.

"எதை வேணா மாத்துங்க. படிய மட்டும் தொடாதீங்க" என்றேன்.

"சரி, சரி" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் 'சரி' சொல்கிறவர் என்பதை அப்போது மறந்துவிட்டேன்.

போன மாதம் பழைய வண்டிகள் சங்கத்திலிருந்து பரிசோதகர் வந்தார். அறுபது வயது, ஒல்லி உடம்பு. வாயில் வார்த்தை குறைவு. துணி சுற்றிய காந்தத்தை எடுத்துத் தகரத்தில் அங்கங்கே வைத்தார். ஓட்டையை மறைக்கப் பட்டி பூசிய இடமாக இருந்தால் காந்தம் பிடிக்காதாம். குச்சியில் கட்டிய சின்னக் கண்ணாடியை எஞ்சினுக்கு அடியில் விட்டு எண்ணைப் படித்தார். என் வீட்டுக்காரர் பின்னாலேயே நகத்தைக் கடித்துக்கொண்டு நடந்தார். நான் பிரசவ அறையில் இருந்தபோதுகூட அந்த நகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

கடைசியில் பரிசோதகர் படிக்கு முன்னால் குனிந்தார்.

"இது கம்பெனி வேலை இல்லீங்களே."

"என் மாமனார் வெச்சது" என்றார் இவர், ஏதோ சொறி சிரங்கைப் பற்றிச் சொல்வதுபோல.

"ரெண்டு மார்க் போகும். மத்ததெல்லாம் சரியா இருக்கு. தொண்ணூத்தெட்டு வருது. சான்றிதழுக்குத் தொண்ணூறு இருந்தாலே போதும். அடுத்த வாரம் இன்னொருதரம் பாத்துட்டு எழுதிக் குடுத்துடறேன்."

தொண்ணூறு போதும் என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். இவரும் கேட்டார்.

மறு வெள்ளிக்கிழமை, நான் வேலை பார்க்கும் மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில் நாற்பது பேருக்கு ரத்தம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கொட்டகையில் கிரைண்டரில் இரும்பு அறுத்த வாசனை. படி இருந்த இடத்தில் இரண்டு வட்டங்கள், புதுப் பச்சைப் பெயிண்ட். தொட்டேன், விரலில் ஒட்டியது.

"நூத்துக்கு நூறு வாங்கினவன் இதுவரைக்கும் யாருமே இல்ல, தெரியுமா?" என்றார்.

"நான் எப்படி ஏறுவேன்?"

"ஒரு ஸ்டூல் வாங்கித் தரேன். பிளாஸ்டிக்ல நல்லதா வருது."

எனக்குக் கத்த வரவில்லை. கத்தியிருந்தால் அன்றோடு போயிருக்கும். "அது எங்க?" என்று மட்டும் கேட்டேன். காயலான் கடைக்காரன் மத்தியானமே வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டானாம்.

செவ்வாய்க்கிழமை பரிசோதகர் வந்தார். படி இருந்த இடத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார். இவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம், எங்கள் கல்யாண போட்டோவில்கூட நான் பார்க்காத வெளிச்சம்.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. எனக்குப் பதினாறு வயதில் அந்த வண்டியின் சாசி, மொத்த வண்டியையும் தாங்கும் அடிச்சட்டம், நடுவில் முறிந்தது. அப்பா எங்கோ நொறுங்கிக் கிடந்த வேறொரு ஜீப்பின் முன்பாதியைக் கொண்டுவந்து இதன் பின்பாதியோடு சேர்த்தார். நான்தான் விளக்குப் பிடித்தேன். மூன்று நாள் அரம் போட்டு, தழும்பே தெரியாமல் தேய்த்தார். "வெளிய மூச்சு விடாதம்மா. மெக்கானிக் வண்டியே ஒட்டு வண்டின்னா நாளைக்கு எவன் நம்ம கடைக்கு வருவான்?" என்றார். இருபத்தேழு வருடம் நான் மூச்சு விடவில்லை.

"சார், பெயிண்டைச் சுரண்டலாமா?" என்றேன்.

"எங்கம்மா?"

"முன் ஸ்பிரிங் மாட்டியிருக்குல்ல, அதுக்குப் பின்னால ஒரு முழம் தள்ளி. உள்பக்கம்."

இவர் சிரித்தார். "அவளுக்கு என்ன சார் தெரியும்?"

பரிசோதகர் படுத்துக்கொண்டே உள்ளே நகர்ந்தார். சுரண்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது, பிறகு நின்றது. வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"ரெண்டு வண்டியோட சாசி. மன்னிக்கணும், இதுக்கு மார்க்கே போட முடியாது." என் பக்கம் திரும்பினார். "ஆனா இந்த மாதிரி ஒரு வெல்டிங்கை நான் பாத்ததில்ல. யாரும்மா போட்டது?"

"எங்க அப்பா. அந்தப் படியும் அவர் போட்டதுதான்."

பரிசோதகர் கிளம்பிய பிறகு என் வீட்டுக்காரர் டயரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க அப்பா உசுரா மறைச்சு வெச்சத நீயே காட்டிக் குடுத்துட்ட, இல்ல?"

உண்மைதானே. செத்தவரைச் சபையில் நிறுத்திவிட்டுத்தான் இவரை நான் தோற்கடித்திருக்கிறேன்.

"இப்போ திருப்தியா?"

"இல்ல. நானா ஏறி உக்காரணும்னுதான் கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்."

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"வா, நான் தூக்கி உக்கார வெக்கிறேன்" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

மனசார நீட்டினார் என்றுதான் நினைக்கிறேன். நான் திரும்பி வீட்டுக்குள் நடந்தேன்.